ஆறு பேர் போனோம், ஐந்து பேர் வந்தோம்

ஹோன் அடிக்காமலே லக்கலப் பாதையில் பஸ் ஓட்டிய என் அன்பு அப்பாவுக்கு,

பெப்ரவரி ஏழு, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் நம் ஆட்கள் பத்துப் பேர்: இங்கிருந்து ஆறு, நோர்வேச் சித்தி வீட்டில் நாலு. எட்டாம் நாள் அதே துறைமுகத்தில் இறங்கியவர்களும் பத்துப் பேர்தான். நானே நின்று எண்ணினேன். ஆனால் இங்கிருந்து போன ஆறு பேரில் உக்குவளைக்குத் திரும்பி வந்தது ஐந்து பேர். பயப்படாதீங்க. யாரும் கடலில் விழவில்லை. வராதது அம்மா.

உங்கள் இரண்டாம் வருட திவசத்துக்குப் பத்திரிகையில் அஞ்சலி போடவேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். உங்கள் படம், நாலு வரிக் கவிதை, கீழே எல்லோருடைய பெயர்களும். அந்தக் கவிதையை வாசித்துப் பார்த்தேன். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். வேண்டாம் என்றேன். "அப்ப நீயே எழுதிக் குடு, பெரிய எழுத்தாளரு" என்றார். அதனால்தான் இது. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

அழைப்பு வந்தது போன ஓகஸ்ட்டில். நோர்வேயில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, குரல்பதிவு அனுப்பினார். குடும்பமாக ஒரு கப்பல் பயணம், எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மாமா, அத்தை, அவர்களுடைய மகள்மார் இரண்டு பேர், நான், அம்மா, எல்லோரும் வரவேண்டும். பன்னிரண்டு வருடமாகச் சொக்லேட் பெட்டி அனுப்புவதோடு நின்றவர். ஏன் திடீரென்று கப்பல்? கோடையில் கூப்பிடாமல் ஏன் கடல் உறையும் மாதத்தில்? "குளிர்காலத்துலதான் கப்பல்ல எடம் கெடைக்கும்" என்றார். அந்தப் பதிவை நான் நாலு தடவை கேட்டேன். "அக்கா கட்டாயம் வரணும்" என்று மூன்று முறை வருகிறது. என் பெயர் ஒரு முறை.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "கூப்பிட்டா போயிட்டு வாயேன்டா" என்றிருப்பீர்கள். யானை பாதையை மறித்தால் எஞ்சினை அணைத்துவிட்டு நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்த ஆள் நீங்கள். அந்தப் பொறுமை எனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. தம்புள்ளையில் காய்கறிக் குளிரறைகளுக்கு மெக்கானிக் வேலை செய்கிறேன் இல்லையா? அங்கே ஒரு சத்தம் மாறினால் ஏன் மாறியது என்று தெரியும்வரை நான் சாப்பிடப் போகமாட்டேன். குடும்பத்திலும் அப்படித்தான்.

குளிருடுப்பு வாங்க மாமா நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனார். ஆறு பேருக்கும் ஒரே கடையில், ஒரே பேரத்தில், ஒரே மாதிரி ஜக்கெட். மெரூன் நிறம், நெஞ்சில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பனிச்சறுக்குப் பள்ளியின் சின்னம். கப்பலில் இரண்டாம் நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மாமாவைக் கப்பல் ஊழியர் என்று நினைத்துத் துவாலை கேட்டார். மாமா மறுக்கவில்லை. எங்கேயோ தேடிப் போய் இரண்டு துவாலை கொண்டுவந்து கொடுத்தார். "பாவம்டா, கேட்டுருச்சு" என்றார். உக்குவளையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர் அல்லவா, யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று வாய் வராது.

கப்பலையும் நான் நம்பவில்லை. உயிர்காப்புப் படகு ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் கூட்டி, பயணிகளோடும் ஊழியர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். எங்கள் அறையில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருந்தது. என் வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். குமிழை எங்கே திருப்பினாலும் ஒரே அளவு. அது எதனோடும் இணைக்கப்படவில்லை. மனிதர் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்காக வைத்தது.

வடதுருவ ஒளி என்று ஒருநாள் மாலை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடினோம். என் கண்ணுக்குத் தெரிந்தது சாம்பல் நிற மேகம். மாமாவின் போனில் மட்டும் பச்சை. "கேமராவோட வேலை மாமா" என்றேன். "நீ ஒருத்தன் போதும்டா, சாமி வந்து நின்னாலும் பில் கேப்பே" என்றார். அம்மா மட்டும் குரங்குத் தொப்பிக்குள்ளிருந்து அந்த மேகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் நான் குறித்துக்கொண்டேன். தேங்காய் விலையிலிருந்து எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் அம்மா ஏன் பேசாமல் நிற்கிறார்?

மூன்றாம் நாள் தடயம் கிடைத்தது. அம்மாவும் நானும் ஒரே அறை. கால் விறைக்கிறது, பெட்டியிலிருந்து இன்னொரு சோடி காலுறை எடுத்துவா என்றார். சேலைகளுக்கு அடியில் ஒரு காகிதப் பை. அதற்குள் பிரஷர் மாத்திரை ஒன்பது அட்டை, அட்டைக்குப் பத்து. தொண்ணூறு. அம்மாவின் மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்புவது நான். இந்தப் பயணத்துக்கு நான் எண்ணிப் போட்டது பதினான்கு. இரண்டு வாரப் பயணத்துக்கு யார் தொண்ணூறு மாத்திரை கொண்டு போவார்கள்? திரும்ப அடுக்கி வைத்துவிட்டுக் காலுறையோடு போனேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சித்தி நொண்டி நொண்டி வந்தார். மார்ச்சில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முதல்நாளே பேச்சுவாக்கில் கேட்டிருந்தேன். அத்தை சூப்பை ஊதிக்கொண்டே சித்தியிடம் சொன்னார்: "அண்ணி காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சிருவாங்க. அதனால மத்தியானம் ஒரு மணிநேரம் படுக்க விடுங்க, உங்க வீட்டுல..." மாமா நிமிர்ந்து பார்த்தார். அத்தைக்கு உடனே இருமல் வந்தது. சூப் இருமல் இல்லை அது.

இப்போது உங்களுக்கும் கணக்குப் புரிந்திருக்கும். ஆபரேஷன், மாத்திரை, உங்க வீட்டுல. கணவனில்லாத அக்கா ஊரில் சும்மாதானே இருக்கிறார், கூப்பிட்டு வைத்துக்கொண்டால் சமையலுக்கும் ஆச்சு, காலுக்கு எண்ணெய் போடவும் ஆச்சு. வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்படிச் செய்வதை நாம் பார்த்ததில்லையா? அதற்குக் கப்பல் ஒரு சோடனை.

மாமாவிடம் திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கேட்டேன். ஆறு பேருடைய பாஸ்போட்டும் டிக்கெட்டும் அவருடைய இடுப்புப் பையில். "எல்லாம் பத்திரமா இருக்கு, நீ எதுக்கு?" என்றார். "எம் பேர்ல இருக்குற டிக்கெட்ட பாக்க எனக்கு உரிமை இல்லையா?" "ஹரி ஹரி, பொறகு பாப்போம்." அந்த 'ஹரி'யை அவர் கடையில் சாமான் இல்லாதபோது சிங்கள வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சரி என்று அர்த்தம், ஆனால் நடக்காது.

அடுத்த நாள் மாமா மேல்தளத்துச் சுடுநீர்த் தொட்டியில் இறங்கினார். இடுப்புப் பையை அத்தையிடம் கொடுத்திருந்தார். நான் போய், "அத்த, மாமா அந்தப் பைய கேக்குறாரு" என்றேன். பொய்தான். அத்தை கொடுத்தார். ஐந்து டிக்கெட்டில் பெப்ரவரி பதினாறு. அம்மாவுடையதில் மே இரண்டு. அதை மட்டும் உருவிக்கொண்டு, மாமா தொட்டியிலிருந்து ஏறுமுன் பையை அத்தையிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிரவு முழுக்க வைத்திருந்து, ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டில், பத்துப் பேரும் உட்கார்ந்த பிறகு, அந்தத் தாளை நடு மேசையில் வைத்தேன்.

"இது என்ன?"

மாமா தாளைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். "பைய எதுக்கு இவன்கிட்ட குடுத்தே?"

"நீங்க கேட்டீங்கன்னு சொன்னான்ங்க!"

சித்தப்பா யாழ்ப்பாணத்து ஆள், சத்தம் போடமாட்டார். "தம்பி, முதல் சாப்பிடும். நீர் என்ன, சீஐடியோ?"

"மார்ச்ல சித்திக்கு ஆபரேஷன், மே வரைக்கும் அம்மா. கணக்கு சரியாத்தான் இருக்கு சித்தப்பா. சம்பளமில்லாத நேர்ஸ் வேணும்னா நேரா கேட்டிருக்கலாம். இதுக்கு ஒரு கப்பல் எதுக்கு?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அம்மா பாணில் சீனிச்சம்பல் பூசிக்கொண்டிருந்தார், மாமா போத்தலில் கொண்டுவந்தது. கத்தியை வைத்தார். விரலைத் துடைத்தார். "ஜக்கெட்ட போட்டுக்கிட்டு வெளிய வா" என்றார்.

வெளியே சுழியத்துக்குக் கீழே பதினொன்று. இரண்டு பக்கமும் வெள்ளை மலை, நடுவில் ஈயம் மாதிரிக் கடல். அம்மா கம்பியைப் பிடிக்காமல் கையை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"டிக்கெட்ட நான்தான் போடச் சொன்னேன். உன் சித்தி கேக்கல. போன வருஷமே நான்தான் கேட்டேன், கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமான்னு. தனியா போட்டப்ப வீசா குடுக்கல. குடும்பமா கப்பல்ல போறோம்னு போட்டா குடுப்பாங்கன்னு யோசிச்சது அவ. எனக்காகத்தான் உங்க அஞ்சு பேரையும் சேத்து இழுத்துட்டு வந்தா."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா? நான் கடைக்குப் போக செருப்பு மாட்டினாலே உன் போன் கத்துது."

அப்பா, இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் போய் ஒரு மாதத்தில் வீட்டில் இரண்டு கேமரா பூட்டினேன். ஒன்று வாசலில், ஒன்று சமையலறையில். யாராவது அசைந்தால் எனக்குத் தகவல் வரும். அதில் ஒலிபெருக்கியும் உண்டு. தம்புள்ளையில் இருந்துகொண்டே, "அம்மா, மாத்திர போட்டீங்களா? அம்மா, கதவு ஏன் தொறந்திருக்கு?" என்று கேட்பேன். ஆரம்பத்தில் அம்மா திடுக்கிட்டுத் திரும்புவார். பிறகு திரும்புவதை விட்டுவிட்டு, கேமராவைப் பார்க்காமலே பதில் சொல்லப் பழகிக்கொண்டார். நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைத்தேன். வேலை செய்கிற இடத்தில் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன்.

ஏன் பூட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியும். மாத்தளைக் கோயில் தேர் அன்று அம்மா தேருக்குப் போயிருந்தார். நான் வேலையில். நீங்கள் குளியலறையில் விழுந்து, ஆறு மணிக்கு அம்மா வந்து கதவைத் திறக்கும்வரை அங்கேயே கிடந்தீர்கள். அப்போதே எல்லாம் முடிந்திருந்தது.

"நான் அன்னைக்குத் தேருக்குப் போனதுக்குத்தானே அத பூட்டினே?" என்றார் அம்மா.

நான் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன்.

"அவருதான்டா போகச் சொன்னாரு. கால் வலிக்குது, நீ போ, எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வான்னாரு. நான் பொய் சொல்றேன்னு நெனச்சா நெனச்சுக்கோ." காற்றில் அவருடைய கண்ணில் நீர் வழிந்தது, அது குளிருக்கா வேறெதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு வருஷமா நான் அழணும்னா எங்க போறேன் தெரியுமா? குளிக்கிற ரூமுக்கு. அங்கதான் உன் கேமரா இல்ல. அவரு விழுந்து கெடந்த அதே எடத்துல நின்னு, தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுவேன். அங்க இருந்து வெளிய வந்தா, 'ஏன் இவ்வளவு நேரம்'னு நீ கேப்பே."

கேட்டிருக்கிறேன். பலமுறை.

"இன்னும் மூணு வாரத்துல தேர். கண்டி ரோட்டுல போற வேனெல்லாம் மஞ்ச சீலையா போகும். போன வருஷம் ஜன்னல சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன். அதுக்கும் நீ போன் பண்ணினே, 'ஏன் ஜன்னல் சாத்தியிருக்கு'ன்னு. இந்த வருஷம் என்னால முடியாதுடா தம்பி. திவசத்த நீ செய். மகன் செஞ்சா போதும்."

"சித்தி வீட்ல வேல செய்யத்தானே போறீங்க?"

"ஆமா, செய்வேன். அவ காலு முடியாம கெடப்பா, நான் சும்மா உக்காந்து சாப்பிடவா? ஆனா நான் எழும்பினேனா, சாப்பிட்டேனான்னு யாரும் செவத்துல இருந்து கேக்கமாட்டாங்க."

பிறகு அம்மா என்னை நேராகப் பார்த்தார். "வேற ஏதாவது சொல்லணுமா உனக்கு?"

"குளிருது. உள்ள போவோம்" என்றேன்.

அந்தக் கேள்வியைத்தான் நான் இன்றுவரை கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா ஏன் அப்படிக் கேட்டார்? சும்மா கேட்டாரா? தெரிந்துகொண்டு கேட்டாரா?

அப்பா, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அன்று மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நீங்கள் என்னை அழைத்தீர்கள். நான் குளிரறைக்குள் இருந்தேன். உள்ளே சிக்னல் இல்லை, போன் வெளியே மேசையில். இதுவரை யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாற்பதுக்கு வெளியே வந்து, தவறிய அழைப்பில் உங்கள் பெயரைப் பார்த்தேன். எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கத்தான் இருக்கும், பிறகு பேசலாம் என்று உள்ளே போனேன். பனி உருக்கும் ஹீட்டர் ஒன்று எரிந்துபோயிருந்தது. அதை முடித்துவிட்டு ஐந்தரைக்கு உங்களை அழைத்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

என்னை அழைத்தபோது நீங்கள் விழுந்திருந்தீர்களா, இல்லை நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று சொல்ல அழைத்தீர்களா? போன் உங்கள் படுக்கையில் கிடந்தது. அப்படியென்றால் விழுவதற்கு முன்தான் அழைத்திருக்கவேண்டும். அம்மாவை ஏன் அழைக்கவில்லை? தேர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்றா? நான் எடுப்பேன் என்றா?

அன்று இரவு வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது, உங்கள் போனை எடுத்து அந்த அழைப்பை அழித்தேன். என் போனிலும் அழித்தேன். அடுத்த மாதம் கேமரா வாங்கினேன். அம்மா வீட்டில் இருந்திருந்தால் என்று அத்தை ஒருமுறை சொன்னபோது, நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் கழுவினார். கேமராவில் அதையும் பார்த்தேன்.

பேர்கனில் இறங்கியபோது அம்மா அழவில்லை. என் ஜக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துவிட்டு, "ரசத்துக்கு மல்லிய வறுத்து அரச்சு வச்சிருக்கேன், பிரிஜ்ல மேல் தட்டு" என்றார். சித்தி என்னிடம் பேசவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா மேல் பாசமும் இருக்கும், முழங்காலும் இருக்கும். சித்தப்பா மட்டும் தோளில் தட்டி, "கொம்மாவை நாங்கள் பாப்பம், யோசியாதையும்" என்றார். அவர் சொல்வதை நம்பலாம் போலிருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இன்று பெப்ரவரி இருபத்திரண்டு, ஞாயிறு. தேருக்கு ஒன்பது நாள். வீட்டில் நான் ஒருவன். அம்மா இரண்டு தடவை பேசினார், இரண்டு தடவையும் குரல் தெளிவாக இருந்தது. ஊரில் இருக்கும்போது அப்படி இருந்ததில்லை என்பது இப்போதுதான் காதில் விழுகிறது. மே இரண்டுக்குப் பிறகும் அவர் வராமல் இருக்க ஏதாவது வழி தேடுவாரோ என்று யோசிக்கிறேன். தேடினால் குற்றம் சொல்ல எனக்கு வாய் இருக்கிறதா?

உங்களுக்குச் சத்தியம் செய்து தருவது இவை:

1. நாளைக்கு விடியற்காலை கேமரா இரண்டையும் கழற்றுவேன். சுவரில் உள்ள ஓட்டையை அடைத்துச் சுண்ணாம்பு பூசுவேன்.

2. திவசத்துக்கு ஐயரிடம் இன்றே பேசுவேன். சமையலுக்கு அத்தையைக் கேட்பேன். பொய் சொல்லிப் பை வாங்கியதற்குத் திட்டுவார். நின்று கேட்டுக்கொள்வேன்.

3. சித்தியிடம் மன்னிப்புக் கேட்பேன். கூடவே, அம்மாவைப் பாரம் தூக்கவிட வேண்டாம் என்றும் சொல்வேன். அதற்கும் கோபம் வந்தால் வரட்டும்.

4. இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுப்பதற்கு முன், அம்மாவை அழைத்து அந்த இரண்டு மணி ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்வேன். அழித்ததையும் சொல்வேன். அவர் கத்தினாலும், பேசாமலே இருந்தாலும், அவர் வைக்கும்வரை நான் போனை வைக்கமாட்டேன்.

5. மே இரண்டாம் தேதி விமானம் வந்திறங்கும் நேரத்துக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய் நிற்பேன். அந்த விமானத்தில் அம்மா ஏறினாரா என்று முன்கூட்டியே யாரிடமும் கேட்கமாட்டேன்.

நீங்கள் அழைத்தும் எடுக்காத,
உங்கள் ஒரே மகன்
தினேஷ்